எத்தனை தாய் மரத்து விதை?

மணமேல்குடிப் பக்கம் நாற்றங்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் விதை எடுக்கும் வேலை பழகினேன். அவர் போட்ட முதல் சட்டம், ஒரு மரத்தடியில் ரெண்டு கைக்கு மேல் பொறுக்கக் கூடாது. மரம் எவ்வளவு காய்த்துக் கொட்டிக் கிடந்தாலும் சரி. “அடுத்த மரத்துக்கு நட தம்பி, இது போதும்” என்பார்.

நாங்கள் விதைக்குப் போனது கோயில் காடுகளுக்கு. சோழமண்டலக் கரை நெடுக இருந்த வறண்ட பசுமைமாறாக் காடு இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அது தப்பிப் பிழைத்திருப்பது பெரும்பாலும் அய்யனார், கருப்பர் புண்ணியத்தில். செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அரிவாளுக்கு அங்கே வேலை இல்லை. கீழே உதிர்ந்தது மட்டும் நமக்கு.

பாலைப் பழம் சின்னது, மஞ்சள் நிறம். பிசைந்தால் பால் விரலில் பசையாக ஒட்டும். தண்ணீரில் ஊறவைத்து, மணல் சேர்த்துத் தேய்த்துக் கழுவினால் எண்ணெய் பூசியது போன்ற பழுப்பு விதை வெளியே வரும். மிதப்பதைத் தள்ளிவிட்டு, மற்றதை நிழலில் உலர்த்தி, தாய்ப்பாத்தியில் ஊன்றிவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இலுப்பை, வேம்பு விதைக்கோ அவ்வளவு அவகாசம் கிடையாது. சில வாரத்தில் முளைப்பு செத்துவிடும். எடுத்த கையோடு போட்டாக வேண்டும்.

ரெண்டு கைக் கணக்கின் காரணம் பிறகுதான் முழுதாகப் பிடிபட்டது. ஒரே மரத்து விதை அத்தனையும் ஒரு தாய்ப் பிள்ளைகள். அவற்றை வளர்த்து ஒரே இடத்தில் நட்டால், நாளைக்கு அவை தங்களுக்குள்ளேயே மகரந்தம் மாற்றிக்கொண்டு காய்க்கும். அடுத்த தலைமுறை சோடையாகும். தனியாக நிற்கும் ஒற்றை மரத்து விதையை அவர் தொடுவதே இல்லை. சுற்றிலும் இனம் இல்லாதபோது அது பெரும்பாலும் தன் பூவிலேயே தான் சூல் கொண்டிருக்கும். பக்கத்துப் பக்கத்து மரங்களும் அக்கா தங்கையாக இருக்கக்கூடும் என்பதால் நூறு மீட்டராவது தள்ளிப் போகச் சொல்வார். விதை எடுப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, 25, 30 தாய் மரமாவது வேண்டும் என்பது. ஒரு கோயில் காட்டில் ஒரு சாதிக்கு அத்தனை மரம் கிடைக்காது. அதனால் ஆவுடையார்கோவில், அறந்தாங்கிப் பக்கக் காடுகளுக்கும் போய் எடுத்து, எல்லாவற்றையும் சம அளவில் கலப்போம். அதற்கும் அப்பால், மண்ணும் மழையும் வேறான ஊர் விதையை இங்கே கொண்டுவந்து உப்புக் காற்றில் நிறுத்துவதில் அவருக்கு உடன்பாடு இல்லை.

வீரை மரம் இதில் தனிப் பாடம். அடிமரம் பள்ளமும் மேடுமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆண் வேறு, பெண் வேறு. காய்க்காத மரம் என்று நினைத்து ஆணை வெட்டினால், காய்க்கிற மரமும் மலடாகும்.

நேர்மாறான வழியில் போன மரமும் இந்தக் கரையில் உண்டு. 1950களில் தாய்லாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த ஜங்குனியானா சவுக்கு, ஒரே கலப்பின ஆண் மரத்தின் நகல். விதை கிடையாது, போத்து வைத்தே பெருக்கினார்கள். கோவையில் 1988-இல் தொடங்கிய வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் பிற்பாடு பல நாட்டுச் சவுக்கு விதைகளை வரவழைத்துத்தான் அந்தக் குறுகிய அடித்தளத்தை விரிவாக்கியது. தைல மரத்தில் 2000களின் தொடக்கத்தில் முடிச்சுக் குளவி பரவியபோதும் சில ரகம் தாங்கியது, சில ரகம் சுருண்டது. தாங்காத ரகத்தை மட்டுமே நட்டிருந்தவர் பாடு திண்டாட்டம்தான்.

2018 நவம்பரில் கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட பிறகு மரக்கன்று விநியோகம் தடபுடலாக நடந்தது. எத்தனை ஆயிரம் கன்று என்று பேனரில் போடுகிறோம். எத்தனை தாய் மரத்துக் கன்று என்று யாரும் போடுவதில்லை. என் பார்வையில் முதல் கணக்கைவிட இரண்டாவதுதான் முக்கியம். நீங்கள் கோயில் குளத்தங்கரைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கன்று வாங்கப் போனால், விலை கேட்பதற்கு முன்னால் நாற்றங்கால்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் தெரியாது என்றால் அடுத்த வருஷமாவது எழுதி வைக்கச் சொல்லுங்கள்.