சில்லறை இருக்கா சார்?

தில்லிப் பக்கம் தீபாவளி என்றால் சீட்டு. நம்மூரில் வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதம் ஆடுவோமே, அந்த மாதிரி.

போன வருஷம் எங்கள் வீட்டில் எட்டுப் பேர், போக்கர். காசு கிடையாது, வெறும் சிப்ஸ்தான் (வங்கி வேலை, வம்பெதற்கு?). ஆளுக்கு 5000. சுலபமாக இருக்கட்டுமென்று ஐந்து ஆயிரமாகவே கொடுத்துவிட்டேன். பந்தயமோ 25, 50-ல் ஆரம்பம். முதல் கையிலேயே ஆளாளுக்குச் சில்லறை கேட்க, "பேங்க்காரர் வீட்டிலேயே இல்லையா!" என்று ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2016 நவம்பரில் கவுண்ட்டரில் ஒரு பெரியவர், "மருந்துக்கடையில் 2000-த்தை மாற்ற மாட்டேங்கிறான், நூறாகக் கொடு பேட்டா" என்றார். என்னிடம் நூறு இல்லை. அப்படியே அனுப்பினேன்.

இந்த வருஷம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 25-ல் எட்டு, 100-ல் எட்டு, 500-ல் நாலு, 1000-ல் இரண்டு. கூட்டிப் பாருங்கள், 5000 வரும். 50-க்குத் தனி சிப் வேண்டாம், இரண்டு 25 போதும். பந்தயம் 100, 200 ஆனதும் 25-களைத் திரும்ப வாங்கிக்கொண்டு நூறாகக் கொடுத்துவிடலாம்.

மொத்தம் அறுபத்து நாலு 25 வேண்டும். டப்பாவில் எண்ணினால் அறுபத்தொன்று. மூன்று சோழி போட்டுக்கொள்ளலாம் என்கிறார் தங்கமணி.