காந்தம் சுத்தமாத்தான் இருந்துச்சு!

எங்கள் வீட்டு அம்பாசடருக்கு என்னைவிட வயது அதிகம். 1984-ல் தாத்தா வாங்கியது. அவர் போனபிறகு, திருச்சி வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் 11 வருஷம் கிடந்தது. அப்பா ரிடையர் ஆனதும் செய்த முதல் வேலை, அதை ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனதுதான்.

எட்டு மாதம். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் என்று எல்லாவற்றையும் பிரித்து மாட்டி, பெயின்ட் அடித்து வண்டி வீடு வந்த அன்று அப்பாயி திருஷ்டி சுற்றிப் போட்டார். "சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்கு இதுலதான் போறோம். முன் சீட்டு எனக்கு!" என்று அப்போதே துண்டும் போட்டுவிட்டார். கோயில் புதுக்கோட்டை பக்கம்.

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். பழைய கார்கள் பற்றிய ஒரு கட்டுரைக்காக மெக்கானிக்குகளிடம் பேசியபோது ஒரு விஷயம் மனதில் நின்றது. பிரித்து மாட்டிய கியர்பாக்ஸ் முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும், ஆயிலை இறக்கி உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லீவுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். மீட்டரில் 520 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "20 வருஷப் பழக்கம்மா. அவர் வேலையை நாம சந்தேகப்பட்ட மாதிரி ஆகிடாதா? வண்டி சத்தமே இல்லாம ஓடுது."

"சும்மா பாத்துட்டு மறுபடி மாட்டிடலாம்ப்பா" என்று கெஞ்சி சம்மதிக்க வைத்தேன்.

ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தோம். ஆயில் சூடாக இருந்தால்தான் தூளும் சேர்ந்து வெளியே வரும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்தோம். முதலில் ஆயில் ஊற்றும் மூடி திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு கீழே உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றினோம். இறக்கிவிட்ட பிறகு மேல் மூடி திறக்காவிட்டால், புது ஆயில் ஊற்ற வழியில்லாமல் வண்டி நின்றுவிடும் இல்லையா?

ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பாலித்தீன் கவரில் சுற்றி, பேசினில் இறங்கிய ஆயிலுக்குள் ஓட்டினார் அப்பா. மாவு போல் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியது. விரலில் தேய்த்தால் நெருடவே இல்லை. புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது இவ்வளவு வருவது சகஜம். செதிலோ, துண்டோ வந்தால்தான் வில்லங்கம்.

"பாத்தியா?" என்று அப்பா சிரித்தார். எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

ஆனாலும், ஆயிலை அப்பாவின் பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டினேன். துணியை வெயிலில் விரித்தபோது, பொன் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். சிரிப்பு போய்விட்டது.

துணியோடு ஷெட்டுக்குப் போனோம். கோபப்படுவார் என்று பயந்தேன். மெக்கானிக் அண்ணன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கியர்பாக்ஸ்ல இரும்பு மட்டும் இல்ல பாப்பா. கியர் நைஸா விழுறதுக்கு உள்ள சிங்க்ரோ ரிங், லே கியரோட ரெண்டு ஓரத்துலயும் இருக்குற த்ரஸ்ட் வாஷர்... இதெல்லாம் பித்தளை, வெண்கல ரகம். அதைக் காந்தம் இழுக்காது."

பிரித்துப் பார்த்ததில், தேய்ந்திருந்தது அந்த வாஷர்தான். அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. சரியான தடிமனில் புது வாஷர் கிடைக்காததால், இருந்ததையே போட்டிருக்கிறார். அதை அவரே சொன்னார். "உங்கிட்ட சொல்லியிருக்கணும் சார். இப்படியே ஓட்டியிருந்தா லே கியரையும் சேத்துத் தின்னுருக்கும். போற வழியில பெட்டி இறுகிட்டா, பின்சக்கரம்கூட லாக் ஆகலாம்."

அப்பாயி முன் சீட்டில் உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் எனக்குள் ஓடியது. யாரும் எதுவும் பேசவில்லை.

தேடிப்பிடித்து வாஷர் வாங்கி மாட்ட ஆறு வாரம் ஆனது. கூலி வாங்க அவர் மறுத்துவிட்டார். சிவராத்திரிக்கு வாடகை காரில்தான் போனோம். அப்பாயி வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார்.

போன வாரம் அப்பா போன் செய்தார். மறுபடி 500 கிலோமீட்டர் ஓட்டி, ஆயிலை இறக்கினாராம். கூட நின்று வடிகட்டியது மெக்கானிக் அண்ணனேதானாம். வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. வேட்டித் துணியில் லேசான சாம்பல் கறை மட்டும். ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் தேதியும் கிலோமீட்டரும் எழுதியிருந்தார்.

கீழேயே அடுத்த மெசேஜ்: 'அப்பாயி கேக்குறாங்க, எப்ப வர்றே?'