நிமிர்ந்து நிற்கும் பலகை

தோழர்களே, எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பொறியியல் முதலாண்டு மாணவர்கள் பலரின் அரியர் பட்டியலில் மெக்கானிக்ஸ் தவறாமல் இருக்கிறது. "கோட்டாவில் வந்தால் இப்படித்தான்" என்ற பேச்சை வகுப்பறையிலேயே கேட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களோடு நாங்கள் முதலில் போடும் கணக்கு இது.

4 மீட்டர் நீளமுள்ள ஒரு மர உத்திரம். இரு முனைகளும் சுவர்மேல் உட்கார்ந்திருக்கின்றன. சரியாக நடுவில் 10 கிலோநியூட்டன் சுமை, அதாவது ஏறக்குறைய ஒரு டன். உத்திரத்தின் சொந்த எடையை விட்டுவிடுவோம். அது எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறது?

சூத்திரத்தைத் தேடாதீர்கள், படம் போடுங்கள். சுவர்களை அழித்துவிட்டு, அவை கொடுக்கும் விசையை அம்புக்குறியாக வரையுங்கள். இதுதான் ஃப்ரீ பாடி டயகிராம். உத்திரம் அசையவில்லை, எனவே மேல்நோக்கிய விசையும் கீழ்நோக்கிய விசையும் சமம். சுமை நடுவில் இருப்பதால் சுவருக்கு 5 கிலோநியூட்டன். இப்போது உத்திரத்தை நடுவில் வெட்டியதாக நினைத்து இடது பாதியை மட்டும் பாருங்கள். 5 கிலோநியூட்டன், 2 மீட்டர் தள்ளி. பெருக்கினால் 10 கிலோநியூட்டன் மீட்டர். வளைவுத் திருப்புத்திறன் என்று பயமுறுத்துவது இவ்வளவுதான்.

உத்திரம் வளையும்போது மேல்பக்கம் நசுங்குகிறது, கீழ்பக்கம் இழுபடுகிறது. நடுவில் இரண்டும் இல்லாத ஓர் அடுக்கு. அந்த அடுக்கிலிருந்து தள்ளியிருக்கும் மரம்தான் அதிகம் தாங்குகிறது. அதனால் செவ்வக உத்திரத்துக்கு அகலத்தை உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கி 6ஆல் வகுக்கிறோம். திருப்புத்திறனை இந்த எண்ணால் வகுத்தால் தகைவு கிடைக்கும். 100 மி.மீ. அகலம், 200 மி.மீ. உயரம் என்று நிமிர்த்தி வைத்தால், சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன். அதே மரத்தைப் படுக்கவைத்தால் 30. மரம் ஒன்றுதான், வேதனை இரு மடங்கு.

இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அதனாலதான் சன்ஷேடுக்குக் கம்பி மேல கட்டுறாங்களா? கான்கிரீட் போடும்போது அந்தக் கம்பிய யாரும் மிதிக்க எங்கப்பா விடமாட்டாரு." அவள் அப்பா கம்பி கட்டுகிறவர். சன்ஷேடு ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்டது. அங்கே இழுபடுவது மேல்பக்கம். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. கம்பி கீழே இறங்கினால் சன்ஷேடு விழும். புத்தகத்தில் இரண்டு பக்கம் எடுத்துக்கொள்ளும் விஷயம், அவள் வீட்டில் ஒரு அதட்டலாக இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்வோம். இந்தக் கணக்கை முதலில் எழுத்தில் போட்டவர்களில் ஒருவர் கலிலியோ. 1638இல் வெளியான நூலில், நிமிர்ந்த பலகை படுத்த பலகையைவிட வலியது என்று சரியாகச் சொன்னார். ஆனால் முழு வெட்டுமுகமும் ஒரே அளவில் இழுபடுவதாக எடுத்துக்கொண்டதால், உத்திரத்தின் வலிமை 3 மடங்கு அதிகமாக வந்துவிட்டது. பலர் திருத்தித் திருத்தி, 1826இல் நவியே வெளியிட்ட பாடங்களில்தான் இன்று நாம் படிக்கும் வடிவம் நிலைத்தது. கலிலியோவுக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு செமஸ்டரில் உங்களுக்கு வராததற்கு மட்டும் ஏன் அந்தச் சொல்?

மதிப்பெண் போகும் இடங்கள் பெரும்பாலும் சிறியவை: மீட்டரையும் மில்லிமீட்டரையும் கலப்பது, சுவரின் விசையை மறப்பது, அகலத்தையும் உயரத்தையும் மாற்றிப் போடுவது. விடை வந்ததும் ஒருமுறை கேளுங்கள்: மேலே போகும் விசைகளின் கூட்டல், சுமைக்குச் சமமா?

இன்றிரவு ஒரே ஒரு கணக்கு. அதே உத்திரம், அதே சுமை. ஆனால் சுமை இடது சுவரிலிருந்து 1 மீட்டரில். சுவர்களின் விசை 7.5, 2.5. அதிகபட்சத் திருப்புத்திறன் 7.5. வேறு விடை வந்தால் படத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். அப்படியும் வரவில்லையென்றால் நோட்டோடு வாருங்கள், சேர்ந்து போடுவோம்.

ஜெய்பீம்.