பேராதனை அறையில் ‘பொன்மணி’

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேராதனைப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருக்கிற அறையில, ஆறு பேர் ஒரு லெப்டொப்புக்கு முன்னால குந்தியிருந்து ‘பொன்மணி’ பார்த்தோம். வெளியில மழை. பிரதி மங்கல், சத்தமும் இரைச்சல். ஆனாலும் ஒருத்தரும் நிறுத்தச் சொல்லேல்ல.

தர்மசேன பத்திராஜா எங்கட ஊர்க்காரர். 1943இல் கண்டியில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். எங்களில பாதிப் பேருக்கு இது அன்றைக்குத்தான் தெரியும். லிஸ்பன் சேரியில் மாதக்கணக்காக இருந்து படமெடுத்த பெட்ரோ கோஸ்டாவைப் பற்றி மணிக்கணக்காகக் கதைப்போம். பக்கத்தில இருந்தவரைத் தெரியாது. வெட்கக்கேடுதான்.

1974இல் ‘அஹஸ் கவ்வ’, வேலையில்லாத இளைஞர்களின் கதை. 1978இல் ‘பம்பரு அவித்’. நகரத்து ஆட்கள் வந்திறங்க, ஒரு மீனவக் கரையே குலைந்து போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில, யாழ்ப்பாண வளாகத்தில் படிப்பித்த காலத்தில், தாய்மொழி சிங்களமான இந்த மனிசன் தமிழில் எடுத்த படம் ‘பொன்மணி’. எழுதினது காவலூர் ராசதுரை. வெளியானது 1977இல்.

சண்டைக்காட்சி தேடிப் போறவைக்கு இது சரிவராது. கமரா அவசரப்படாமல் ஒரு வீட்டையே சுற்றுது. சீதனம் இல்லாமல் மூத்தவளுக்குக் கலியாணம் ஒப்பேறேல்ல. இளையவள் ‘சாதி குறைஞ்சவன்’ எண்டு ஊர் சொல்லுற ஒருத்தனோட போகிறாள். முடிவு சாவு.

பாதியில எழும்பித் தேத்தண்ணி போடப் போன எங்கட யாழ்ப்பாணத்துச் சிநேகிதி கனநேரமா வரேல்ல. போய்ப் பார்த்தால், கேத்தில் கொதிச்சு அடங்கியிருந்தது. “எங்கட வீட்டில இப்பவும் இதுதான்” எண்டு மட்டும் சொன்னாள். அவளின்ட அக்காவுக்கு 34 வயது.

நாங்கள் கண்டிக்காரர், ‘அது யாழ்ப்பாணத்துப் பிரச்சினை’ எண்ட முகத்தோடதான் இருந்தோம். ஹந்தானைத் தோட்டத்திலிருந்து வாற தோழன்தான் உடைச்சான்: “எங்க லயத்துலயும் இருக்குதானே மச்சான். போன வருசம் எங்க அண்ணனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு எதுக்குச் சொன்னாங்க?” அதுக்குப் பிறகு படத்தின்ட சத்தம் மட்டும்தான்.

1974க்கும் 1981க்கும் இடையில் ஆறு படம் எடுத்தவர், பிறகு 2001 வரைக்கும் சினிமாவில இல்லை; தொலைக்காட்சி நாடகங்கள்தான். 2014இல் காஃப்காவின் ‘உருமாற்ற’த்தை வைத்து ‘சுவரூப’ எடுத்தார். அப்போது வயது 71. 2018 ஜனவரியில் காலமானார். அந்த வருசம் எங்களில சிலர் இதே ஊரில ஏ.எல். வகுப்புக்கு ஓடித் திரிஞ்சம்.

அடுத்த ஞாயிறு ‘பம்பரு அவித்’. சிங்களம் நல்லாத் தெரிஞ்சவன் பக்கத்தில இருந்து சொல்லித் தருவான். தேத்தண்ணியை வேற ஆராவது போடட்டுமாம், தான் இந்த முறை எழும்ப மாட்டாளாம்.