தென்றலை முகரும் நாள்

ஊருக்கு வெளியே சென்று, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் சிறிது பொழுது தங்கி, மனம் தெளிந்து திரும்புவதை அரபு மொழியில் ‘நுஸ்ஹா’ என்பர். வகுப்பில் இச்சொல் வரும்போதெல்லாம் மாணவர்கள் சற்றுத் திகைப்பதை நாம் கண்டிருக்கிறோம். இறைவன் எல்லாக் குறைகளை விட்டும் தூயவன் என்று கூறும் ‘தன்ஸீஹ்’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே என்பதுதான் அத்திகைப்புக்குக் காரணம். உலாப் போவதற்கும் அந்த உயர்ந்த பொருளுக்கும் என்ன உறவு? வேரின் பொருள் ‘விலகியிருத்தல், தொலைவில் இருத்தல்’ என்பதாகும். அங்கே குறையிலிருந்து விலகல். இங்கே அன்றாடத்திலிருந்து விலகல்.

இச்சொல்லைப் பற்றி முற்கால மொழியறிஞரிடையே ஒரு வழக்கே நடந்திருக்கிறது. தோட்டத்திற்குச் சென்று களிப்பதை இச்சொல்லால் குறிப்பது பாமரர் செய்யும் பிழை என்றும், நீர்நிலையையும் குடியிருப்பையும் விட்டு விலகிய இடத்திற்கே அது பொருந்தும் என்றும் சிலர் வாதிட்டனர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு குதைபா அதனை ஏற்கவில்லை. எவ்வூரிலும் தோட்டங்கள் ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன. அவற்றை நாடுபவன் வீடுகளை விட்டு விலகிச் செல்லத்தானே செய்கிறான். ஆகவே மக்கள் வழக்கில் பிழையில்லை என்பது அவர் தீர்ப்பு. 1154ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மன்னர் ரோஜருக்காக உலகப் புவியியலை எழுதி முடித்த அல் இத்ரீஸியும் தம் நூலின் பெயரை ‘நுஸ்ஹத்’ என்றே தொடங்கினார். உலகத்தைச் சுற்றி வருவதையே ஓர் உலாவாகக் கண்ட உள்ளம் அது!

இப்னு குதைபாவின் தீர்ப்பில் ‘வீடுகளை விட்டு விலகுதல்’ என்னும் தொடரை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் கருத்து அதனைச் சுற்றியே அமைகிறது.

பருவமும் பெருநாளும்

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். எமது இராமநாதபுரம் கடற்கரையிலோ சித்திரை பிறந்தவுடனேயே வெயில் முதிர்ந்துவிடும். ஆகவே பங்குனியின் வேப்பம்பூவையும் சித்திரையின் கொன்றைப்பூவையும் ஒரே பருவமாகக் கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. வாடை ஓய்ந்து, கச்சான் இன்னும் எழாத அந்த இடைவேளையில்தான் தென்றல் தென்றலாகவே வீசுகிறது.

அரபியரும் இளவேனிலை ‘ரபீஉ’ என்பர். ரபீஉல் அவ்வல், ரபீஉல் ஆகிர் என்னும் இரு மாதங்களுக்கு அப்பெயரே அமைந்துள்ளது. எனினும் பிறைக்கணக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினோரு நாள் முந்திக்கொள்வதால், இளவேனிலின் பெயர் தாங்கிய அம்மாதங்கள் கார்காலத்திலும் வரும், பனிக்காலத்திலும் வரும். நோன்புப் பெருநாள் நம் மாநிலத்தில் 2023இல் ஏப்ரல் 22ஆம் நாளும், 2024இல் ஏப்ரல் 11ஆம் நாளும், 2025இல் மார்ச் 31ஆம் நாளும் வந்தது. பெருநாளும் தென்றலும் கைகோத்து வந்த ஆண்டுகள் அவை. அவ்வாண்டுகளில் பெருநாளுக்கு மறுநாள் நம் கடற்கரையெங்கும் குடும்பங்கள் நிறைந்திருந்ததை யார்தாம் காணவில்லை?

நீல நதிக்கரை வழக்கம்

இளவேனில் உலாவுக்கென்றே ஒரு நாளைத் தனியே ஒதுக்கி வைத்த நாடு எகிப்து. அந்நாளின் பெயர் ‘ஷம்முந் நஸீம்’. ஷம்மு என்றால் முகர்தல். நஸீம் என்றால் இளங்காற்று. தென்றலை முகர்தல் என்று தமிழாக்கினால் சொல்லுக்குச் சொல் பொருந்திவிடுகிறது. பார்வோன்கள் காலத்து அறுவடைப் பருவத்திற்கு ‘ஷெமு’ என்று பெயர் இருந்ததென்றும், அதுவே அரபு நாவில் இவ்வாறு உருமாறியதென்றும் கூறுவோர் உண்டு. கிப்தியக் கிறிஸ்தவர்களின் உயிர்ப்புப் பெருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமையில் அது வரும். 2024இல் மே 6ஆம் நாளும், 2025இல் ஏப்ரல் 21ஆம் நாளும் வந்தது. நாள் கிப்தியர் கணக்கில் அமைந்தாலும் உலா நாட்டார் அனைவருக்கும் பொது. முஸ்லிம்களும் கிப்தியரும் ஒரே புல்வெளியில் பக்கத்துப் பக்கத்துப் பாய்களில் அமர்ந்திருப்பர். நாடெங்கும் அன்று அரசு விடுமுறை.

எட்வர்டு வில்லியம் லேன் என்ற ஆங்கிலேயர் கெய்ரோவில் வாழ்ந்து அம்மக்களின் வழக்கங்களை எழுதி 1836இல் வெளியிட்ட நூலில் இந்நாளைக் குறிப்பிடுகிறார். விடியற்காலையில் மக்கள், சிறப்பாகப் பெண்கள், வெங்காயத்தை உடைத்து முகர்வதையும், முற்பகலில் நடந்தும் கழுதை ஏறியும் படகேறியும் வடக்கு நோக்கிச் சென்று நாட்டுப்புறத்திலோ ஆற்றின் மீதோ உணவு கொள்வதையும் அவர் எழுதியுள்ளார். ‘ஹம்ஸீன்’ என்னும் வெங்காற்று வீசத் தொடங்கும் காலம் அது. சுடுகாற்று வருமுன் குளிர்காற்றை நெஞ்சு நிறைய வாங்கிக்கொள்வதே உலாவின் கருத்து. எமது கடற்கரையில் கச்சானுக்கு முன் தென்றலை நாடுவதும் இதுதானே!

அவர்கள் செல்லும் இடங்களும் எளியவையே. நைல் கரை, ஊர்ப் பூங்கா, கெய்ரோவுக்கு வடக்கே நதி இரண்டாகப் பிரியும் அணைக்கட்டுத் தோட்டங்கள் ஆகியவற்றில் கூட்டம் நிரம்பும். 2005இல் திறக்கப்பெற்ற அல் அஸ்ஹர் பூங்கா இவற்றுள் புதியது. நூற்றாண்டுக் கணக்கில் ஊர்க்குப்பை கொட்டி மேடான நிலத்தைத் தூய்மையாக்கி, ஏறத்தாழ முப்பது ஹெக்டேர் பரப்பில் அதனை அமைத்தனர். குப்பைமேடு சோலையானது அங்கே. சோலைகளைக் குப்பைமேடாக்கிவிட்டு வருகிறோம் இங்கே!

அந்நாளின் உணவைத்தான் நாம் விரிவாகக் கூற விரும்புகிறோம். உப்பிட்டுப் புளிக்க வைத்த மடவை மீன். அதற்கு ‘ஃபஸீஃக்’ என்று பெயர். வண்ணம் தீட்டிய அவித்த முட்டை, வெங்காயத்தாள், கீரை வகை, ரொட்டி. இவ்வளவே. அந்த மீனின் நாற்றம் அறியாதவரை ஓட ஓட விரட்டும் என்பர். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த நமக்கு அது பெரிதல்ல. ஆயினும் பதம் தவறினால் உயிருக்கே கேடு. 1991இல் அம்மீனின் நஞ்சால் பலர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாட்டுச் சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுக்கிறது. ஆகவே மீனைப் பின்பற்றுங்கள் என்று நாம் கூறவில்லை. அந்த உணவில் அடங்கிய ஒரு நுட்பத்தைப் பாருங்கள்: அன்று அடுப்பு மூட்ட வேண்டிய தேவையே இல்லை. மீன் கடையில் கிடைக்கும். முட்டை முதல் நாளே வெந்துவிடும். கீரையும் தாளும் பச்சையாகவே உண்ணப்படும். பாயை விரித்தவுடன் தாயும் மக்களோடு அமர்ந்துவிடலாம்.

தேக்சாவும் கடலும்

இந்த நுட்பம் எமக்குப் பிடிபட்டது கிதாபிலிருந்து அன்று, எமது லாத்தாவிடமிருந்து. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநாளுக்கு மறுநாள் எங்கள் குடும்பத்தார் நான்கு வீட்டினர் சேர்ந்து கடற்கரைக்குச் சென்றனர். நெய்ச்சோறும் கறியும் பெரிய தேக்சாக்களில் ஏறின. பெண்கள் பின்னிரவு மூன்று மணிக்கே எழுந்துவிட்டனர். சென்ற இடத்தில் சூடுபடுத்தல், பரிமாறல், சஹன் கழுவுதல், அழுத பிள்ளைகளுக்கு ஊட்டுதல் என்று நண்பகல் கடந்தது. எல்லாம் ஓய்ந்து நிமிர்ந்தபோது வண்டி புறப்படும் நேரம் ஆகிவிட்டது. மாலையில் வீடு சேர்ந்து, உலா எப்படி இருந்தது என்று கேட்டோம். லாத்தா முறுவலித்தபடியே, “நீங்க எல்லாரும் கடலப் பாத்துட்டு வந்திய, தம்பி. நான் தேக்சாவப் பாத்துட்டு வந்தேன்” என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை; உள்ளதைச் சொன்னார். இப்னு குதைபாவின் இலக்கணப்படி பார்த்தால், அன்று வீட்டை விட்டு விலகியவர்கள் ஆண்களும் பிள்ளைகளுமே. பெண்கள் வீட்டை விட்டு விலகவில்லை; வீட்டைத் தலையில் சுமந்துகொண்டு கடற்கரைக்கு வந்தார்கள். அவர்களுக்கு அது நுஸ்ஹா ஆகுமா?

அடுத்த பங்குனியில் நாமே ஒரு திட்டம் வகுத்தோம். எகிப்தியரின் முறை, நம் ஊர்ப் பண்டம். பொடி தடவிய இட்லி, அவித்த முட்டை, மாசித் துவையல், வாழைப்பழம், ஒரு டப்பாத் தொதல். உண்பதற்கு வாழையிலை, கழுவ ஒரு பாத்திரமும் இல்லை. வைகறைத் தொழுகை முடிந்தவுடன் இரண்டு வண்டிகளில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம்.

அரிச்சல்முனையில் நிலம் ஒரு நாக்கைப் போலக் குறுகி முடிகிறது. வடபுறம் பாக் நீரிணை. தென்புறம் மன்னார் வளைகுடா. அங்குள்ளோர் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் வழங்குவர். எமது வாப்பா தோணித் தொழில் செய்தவர். அவரிடம் பிள்ளைப் பருவத்தில் கேட்டதையெல்லாம் லாத்தா அன்று பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கத் தொடங்கினார். வாடைக்காலத்தில் வடக்குக் கடல் குமுறும், தெற்குக் கடல் ஒடுங்கும். கச்சான் எழுந்தால் அது அப்படியே மாறும் என்றார். முந்தானை படபடப்பதைப் பார்த்து, “இன்னும் ஒரு மாசத்துல கச்சான் எழும்பிரும்” என்றார். காற்றை இப்படிக் கணிக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்பதே அப்பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரிந்தது. நமக்கும் அதில் பெரும்பகுதி புதிதே. அடுக்களையில் நாற்பது ஆண்டுகளாக மூடிக் கிடந்த அறிவு அது. அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒரு முற்பகல் சும்மா அமர்ந்திருக்க இடம் கிடைத்ததும் அது தானே வெளிவந்தது.

நம் பக்கத்து உலாக்கள்

அத்தகைய உலாவுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தென்மாவட்டத்தார்க்கு இராமேசுவரச் சாலையே போதும். 1914இல் திறந்த பழைய பாம்பன் இரயில் பாலத்தின் அருகே, 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய பாலம் நிற்கிறது. அதன் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட நேர்மேலே உயரும்; பிள்ளைகள் அதனைக் கண்டால் இமைக்கமாட்டார்கள். பேய்க்கரும்பில் 2017இல் எழுந்த அப்துல் கலாம் நினைவகம் உள்ளது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிபாடுகளை நின்று பார்க்கலாம். அங்கே கடலில் இறங்குவது ஆபத்து. பிள்ளைகளின் கையை விடலாகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஆதலால், விசைப்படகுகள் வரிசையாக உறங்கும் காட்சியையும் காணலாம்.

கிழக்குக் கடற்கரைக்கே உரிய ஒரு விருந்து உண்டு. நம் மக்கள் ‘பங்குனி ஆமை’ என்று பருவத்தின் பெயராலேயே அழைக்கும் கடலாமைகள், தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டையிட்டு மூடிவிட்டுச் செல்கின்றன. வனத்துறையினரும் தொண்டர்களும் அவற்றை எடுத்து வேலியிட்ட மணலில் புதைத்துக் காக்கின்றனர். ஏறத்தாழ ஏழு வாரத்தில் குஞ்சுகள் வெளிப்படும். சென்னையில் மாணவர் அமைப்பொன்று 1988 முதலே இப்பணியைச் செய்து வருகிறது. குஞ்சுகளைக் கடலில் விடும்போது பொதுமக்கள் நின்று பார்க்க முடிகிறது. கடற்பரப்பின் மெல்லொளியை நோக்கியே அவை நகரும். விளக்கைக் காட்டினால் வழி தவறிவிடும். கைவிளக்கை அணைத்துவிட்டு நூறு பேர் இருளில் மூச்சடக்கி நிற்க, உள்ளங்கையளவு உயிர்கள் அலையைத் தேடிப் போகும் அக்காட்சிக்குக் கட்டணமும் இல்லை, ஆரவாரமும் இல்லை.

கடல் இல்லாத ஊரார்க்குப் பனங்காடு இருக்கிறது. கதிரவன் ஏறுமுன் சென்றால் மரத்தடியிலேயே பதநீர் கிடைக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் இனிக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் பனையேறியின் வாயாலேயே சொல்லவைக்கலாம். நுங்கைக் கட்டைவிரலால் குடையக் கற்றுக்கொள்வதும் ஒரு கல்வியே.

வசதியுள்ளோர் மலைக்குச் செல்வர். உதகையில் 1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மே மாதத்தில் மலர்க்காட்சி நடைபெறும். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் கோடை விழாக்கள் உண்டு. 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர்க்கு இ-பாஸ் முறை வந்தது. ஆகவே புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம். எனினும் ஓராண்டுக்கு ஒரு மலைப்பயணத்தைக் காட்டிலும், பருவத்திற்கு நான்கு ஞாயிறுகள் அருகிலுள்ள தோப்புக்கும் கரைக்கும் செல்வது குடும்பத்திற்கு அதிகப் பயன் தரும் என்பது நமது கருத்து.

அன்பார்ந்த வாசகர்களே! இனி ஓர் உலாவுக்குத் திட்டமிடும்போது, எங்கே போவது என்று பேசுமுன், அங்கே யார் யார் சும்மா அமர்ந்திருக்கப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நெய்ச்சோற்றுக்கு வீட்டில் எத்தனையோ நாள்கள் இருக்கின்றன. வேண்டுமானால் ஆண்களே முதல் நாளிரவு சமைத்துக் கட்டட்டும். கொண்டுசென்ற காகிதத்தையும் நெகிழியையும் ஒரு பையில் திரும்பக் கொண்டுவாருங்கள். மூத்தவர்களுக்கு நிழலில் முதலிடம் கொடுத்து, பிள்ளைகளை அவர்கள் அருகே அமர்த்துங்கள். அதன்பின் காற்றையும் அவர்களையும் அவர்கள் போக்கிலேயே விட்டுவிடுங்கள். தென்றல் ஆண்டுக்குச் சில வாரங்களே வீசுகிறது.