அப்பா கையால் ஆகட்டும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலைத் தாண்டி ஏரிப் பக்கம் வண்டி திரும்பியது. ஓட்டியவர் சிஸ்டர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ஆதரவு சிகிச்சைக்காக வீடுவீடாகப் போகிறவர். நான் பின்னால் உட்கார்ந்து அவருடைய துணிப்பையை மடியில் வைத்திருந்தேன்.

அந்த வீட்டுக்காரர் பட்டு நெசவாளி. மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து நாற்பது நாள். இடது அடிவயிற்றில் குடலை வெளியே எடுத்துத் தைத்துக் குடல்வாய் வைத்திருக்கிறார்கள். ‘பை வெச்சிருக்கு’ என்பதற்கு மேல் ஊரில் யாரும் பேசுவதில்லை.

வழக்கம்போல அவர் மனைவி வாளியோடு வந்தார். “அம்மா, நீங்க உட்காருங்க. இன்னைக்கு அப்பா கையால் ஆகட்டும்” என்றார் சிஸ்டர். வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பது நாளில் ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லையாம்.

சிஸ்டர் ஒரு கைக்கண்ணாடியை நீட்டினார். “கீழ் உதட்டை மடிச்சுப் பாருங்கப்பா. அதே செவப்பு, அதே ஈரம். தொட்டா வலிக்காது.” அவர் உதட்டைப் பார்த்தார். வெகுநேரம் கழித்துக் கண்ணாடி கீழே இறங்கியது.

துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயமில்லை, கறுத்துப்போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார் சிஸ்டர். பையைத் தாங்கும் ஒட்டுத்தட்டை மேலிருந்து கீழாக, தோலை அழுத்திக்கொண்டே உரிக்கச் சொன்னார். சுற்றிலும் தோல் புண்ணாகியிருந்தது. அறுவைக்குப் பிறகு ஆறு, எட்டு வாரம் வரை குடல்வாய் வீக்கம் வடிந்து சுருங்கிக்கொண்டே வரும். இங்கே முதல் நாள் அளவிலேயே தட்டில் ஓட்டை வெட்டி வந்திருக்கிறார்கள். இடைவெளியில் மலம் பட்டுத் தோல் வெந்துவிட்டது.

அட்டையை வைத்துப் புதிதாக அளந்து, சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டுக் கோடு போட்டார் சிஸ்டர். கத்தரியை வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். வெட்டி முடித்ததும் சேலைக் கரையைத் தடவிப் பார்ப்பதுபோல உள்விளிம்பில் விரலை ஓட்டி, ஒரு பிசிறைக் கண்டுபிடித்து நறுக்கினார். சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்தத் தொழிலில் கஷ்டமே அப்படி நிற்பதுதான் என்று எனக்குப் பட்டது.

துடைக்க வெறும் தண்ணீர்தான். எண்ணெய், பவுடர் கூடாது, தட்டு பிடிக்காது. ஒட்டியபின் உள்ளங்கைச் சூடு அஞ்சு நிமிஷம். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும்.

குடல்வாய்ப் பராமரிப்பைத் தனித் தொழிலாக்கியவர் நார்மா கில். தானும் குடல்வாய் வைத்துக்கொண்டு வாழ்ந்த அவரை, 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் மற்ற நோயாளிகளுக்குக் கற்றுத்தர அமர்த்தினார். பட்டவர் சொன்னால்தான் நம்பிக்கை வரும். பயிற்சியின்போது தண்ணீர் ஊற்றிய பையை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடந்தேன் என்று சிஸ்டர் சொன்னதும் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. வேட்டி முடிச்சு விழும் இடத்துக்கே அந்த வாய் வந்திருக்கிறது. அறுவைக்கு முந்தின நாள் உட்காரவைத்து, குந்தவைத்து, வேட்டி கட்டச் சொல்லிப் பார்த்து ஒரு புள்ளி வைத்திருக்கலாம். ஒரு பேனா போதும்.

“தறி?” என்று அவரே கேட்டார். “மூணு மாசம் போகட்டும், டாக்டரையும் கேட்டுக்கலாம். சும்மா உட்கார்ந்து பாருங்க.” தறிக்குழியில் தலையணை போட்டு மெல்ல உட்கார்ந்தார். நெய்ததைச் சுருட்டும் மரம் பைமேல் இடித்தது. மனைவி ஒரு பலகையைக் கொண்டுவந்து தலையணைக்கு அடியில் செருகினார். மரத்துக்கும் பைக்கும் நடுவே நெசவாளி விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் நுழைந்தது.