வேட்டை பழகினேன்

வேட்டை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவருட் சிலர் முகஞ் சுளிப்பர். சிலர் மீசையை முறுக்குவர். முன்னவர் அதனைப் பாவம் என்பர். பின்னவர் வீரம் என்பர். ஆனால் அதைப் பழக விரும்பும் ஒருவன் முதலில் எதைக் கற்க வேண்டும் என்று எடுத்துரைப்பாரைக் காண்பது அரிது. மூன்றாண்டுகளாக அதனைப் பழகிவரும் எளியேன், என் பிழைகளையே ஆசானாகக் கொண்டு இக்கட்டுரையை வரையத் துணிந்தேன்.

பகாங்கில், காட்டை ஒட்டிய தோட்டமொன்றில் நான் கிராணியாக இருக்கிறேன். தந்தையார் விட்டுச் சென்ற 4 ஏக்கர் செம்பனைத் துண்டு ஒன்றும் அருகில் எனக்குண்டு. பழைய மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்த ஆண்டில், ஒரே இரவில் 60 கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் பிடுங்கிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போயின. மறுநாட் காலையில் அக்கன்றுகளின் நடுவே நின்றபோது என்னுள் எழுந்தது வீரமன்று, சினமே. சினத்தோடு துப்பாக்கியை நாடுவது எத்துணைத் தவறு என்பதை அன்று நான் அறியேன்.

பன்றிகள் ஏன் இவ்வளவு பெருகின? நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் ஆராய்ச்சி செய்தோர், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1996-இல் 47 பன்றிகளும், 1998-இல் 27 பன்றிகளும் இருந்தனவாகக் கணக்கிட்டனர். காட்டைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்கள் ஆண்டு முழுவதும் உதிர்க்கும் பழங்கள் பன்றிக்குக் குறையாத சோறு. அதனைத் தின்ன வேண்டிய புலியோ அருகிவிட்டது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, தீபகற்பக் காடுகளிற் புலிகள் 150-க்குங் குறைவே என்று கூறிற்று. பழத்தை உதிர விட்டவர் நாம்; புலியைத் தொலைத்தவரும் நாம். இதிற் பன்றியின் குற்றம் யாது?

எங்கள் தோட்டத்தில் ஓய்வு பெற்ற தண்டல் ஒருவர் இருக்கிறார். நாற்பதாண்டுக் காலம் காட்டோரத்தில் திரிந்தவர். முறைப்படி உரிமம் பெற்ற துப்பாக்கியும் உடையவர். அவரிடம் சென்று, “மாமா, எனக்கும் வேட்டை கற்றுக் கொடுங்கள்” என்றேன். அவர் என்னை மேலுங் கீழும் பார்த்து, “நல்லது தம்பி, ஓராண்டு என்னோடு வெறுங்கையாய் வா. பிறகு பேசலாம்” என்றார்.

நான் ஏமாற்றமடைந்தேன். பள்ளியில் ஆங்கில வேட்டை நூல்களைப் படித்தவன் நான். 1944-இல் வெளிவந்த ஜிம் கார்பெட்டின் குமாவோன் நூலைத் தலையணைக்குக் கீழ் வைத்துறங்கியவன். துப்பாக்கியின்றிக் காடு செல்வது ஏடின்றிப் பள்ளி செல்வது போலத் தோன்றிற்று. ஆயினும் சென்றேன். முதல் நாளன்று தலைக்கு வாசனைத் தைலந் தடவி, சட்டைப் பையில் சிகரெட்டும் வைத்திருந்தேன். பெரியவர் சிரித்தார். பன்றிக்குக் கண் மந்தம். மூக்கோ மிகக் கூர்மை. அன்று எங்கள் கண்ணில் ஒரு பன்றியும் படவில்லை. ஆனால் அத்தனை பன்றிகளும் எங்களை அறிந்திருக்கும்.

காற்று எப்பக்கம் வீசுகிறதென்று காண அவர் மடியிலிருந்து ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்துத் தூவுவார். அது பறக்கும் திசைக்கு எதிர்த்திசையில் நடப்போம். திருநீற்றின் பயனை அன்றுதான் நான் ஐயமற உணர்ந்தேன்!

அந்த ஓராண்டில் நான் கற்றவை பல. சேற்றில் புரண்டெழுந்த பன்றி மரத்தில் உரசிய இடத்தைக் கண்டு அதன் உயரத்தை அளக்கலாம். சேறு ஈரமாயிருந்தால் அது அண்மையிற் சென்றது; வெடித்துக் காய்ந்திருந்தால் தேடுவது வீண். சினைப்பன்றி இளமரங்களை ஒடித்துக் குவித்துக் கூடு கட்டிக் குட்டி ஈனும். அக்குவியலைக் கண்டால் ஒதுங்கிப் போதல் வேண்டும். பன்றிக்குட்டிக்கும் உடலில் வரிகள் உண்டு. தெனுக் குட்டிக்கும் உண்டு. பின்னது சட்டத்தின் முழுக் காவலில் இருப்பது; எனவே வரியைக் கண்டு ஒரு முடிவுக்கு வருவது மடமை.

காடு பொதுச் சொத்தாயிற்றே, எவரும் புகலாமே என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அதுவும் பிழை. இந்நாட்டில் நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. நிரந்தர வனக்காப்பு நிலங்களுள் மூடப்பட்டவற்றிற் புக, 1984-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி வன இலாகாவின் அனுமதி வேண்டும். தேசியப் பூங்காவிலும் வனவிலங்குச் சரணாலயங்களிலும் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. தோட்ட நிலமாயின் உரிமையாளரின் இசைவு தேவை. துப்பாக்கிக்கு 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ்ப் போலீசாரிடம் உரிமம் பெறல் வேண்டும். ஒருவர் பெயரிலுள்ள துப்பாக்கியை நண்பரென்று மற்றொருவர் கையிற் கொடுத்தல் ஆகாது. அதன்மேலும், 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பன்றியைச் சுடவும் பெர்ஹிலித்தான் இலாகாவின் உரிமம் வேண்டும். மான் வேட்டைக்கு உரிமம் வழங்குவது 2009-இல் நிறுத்தப்பட்டது. அத்தடை பின்னர் நீட்டிக்கவும் பட்டது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. “யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று இருளில் விளக்கடித்துச் சுடும் இளைஞர் இதனை நினைவிற் கொள்வாராக.

இவ்விதிகளை வெள்ளையன் விட்டுச் சென்ற தொல்லை என்று சிலர் ஏசுவதுண்டு. அவற்றின் வரலாறு கவனிக்கத்தக்கது. தியோடர் ஹப்பேக் என்ற ஆங்கிலேயர் இந்நாட்டில் யானையையும் செலாடாங் என்னும் காட்டெருதையும் வேட்டையாடி, 1905-இல் அதுபற்றி நூலும் எழுதியவர். கோலாலம்பூர் இரயில் நிலையத்தைச் சமைத்த ஆர்த்தர் ஹப்பேக்கின் உடன்பிறந்தார். அவரே பிற்காலத்தில் விலங்குகளின் காவலராய் மாறினார். 1930 முதல் 1932 வரை வனவிலங்கு விசாரணைக் குழுவை நடத்தினார். 1938, 1939-ஆம் ஆண்டுச் சட்டங்களால் தேசியப் பூங்கா, அதாவது இன்றைய தாமான் நெகாரா, தோன்றியதில் அவர் முயற்சிக்குப் பெரும்பங்குண்டு. காட்டை நன்கறிந்த வேட்டைக்காரனே அதன் அழிவையும் முதலில் அறிந்தான்.

ஓராண்டு கழிந்தது. என் 4 ஏக்கரைக் காரணங் காட்டி உரிமமும் பெற்றேன்; பன்னிரண்டு போர்த் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். அதனை என் கையிற் கொடுக்குமுன் பெரியவர் ஒரு சொல் சொன்னார்: “தம்பி, விலங்கின் முழு உடலையும் பார். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்றும் பார். இரண்டையும் பார்க்காதவரை விரல் விசையின்மேல் போகக்கூடாது.” நான் தலையசைத்தேன். செக்ரோலில் ஆயிரம் பெயர்களைப் பிழையின்றி எழுதுபவனுக்கு இச்சிறு விதி ஒரு பொருட்டா என்று எண்ணினேன்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு நாட் காலை. விடிந்தும் மூடுபனி விலகவில்லை. என் நிலத்தின் எல்லையில், லாலான் புல்லுக்கு எதிரே தரையில் அமர்ந்திருந்தேன். முன்னாள் மாலை அவ்விடத்திற் புதுத் தடங்களைக் கண்டிருந்தேன். நாற்பது கசத் தொலைவில் புல் அசைந்தது. குனிந்த கரிய முதுகு ஒன்று தெரிந்தது. மண்ணைப் பறிக்கும் ஓசையும் கேட்டது. ஓராண்டு காத்திருந்த என் நெஞ்சு பறை போல் அடித்தது. துப்பாக்கி தோளேறியது. பாதுகாப்புத் தாழை நீக்கினேன். உண்மையை மறைத்து எழுதுவதிற் பயனில்லை: என் விரல் விசையின்மேல் இருந்தது.

அப்பொழுது அவ்வுருவம் இருமிற்று.

எழுந்து நின்றது ஒரு பெண். கறுப்புச் சட்டை அணிந்து, கூடையிற் பெரணித் தளிர் பறித்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்தைச் சேர்ந்தவள். நாள்தோறும் என் கையாற் பெயரெழுதப்படுபவள். என்னைக் கண்டதும், “கிராணி ஐயாவா? பன்றி வந்ததா, ஐயா?” என்று கேட்டாள். “வரவில்லை, அம்மா” என்றேன். தோட்டாக்களை எடுக்க என் விரல்கள் நெடுநேரம் மறுத்தன. ஒரு தோட்டாவில் 9 ஈயக் குண்டுகள்; நாற்பது கசத்தில் அவை என்ன செய்யும் என்பதை நான் எழுத வேண்டுவதில்லை.

அவ்விருமல் எனக்குப் புதிதன்று. முந்திய வாரம் அவள் அலுவலகப் பலகணியில் நின்று, இருமல் விடவில்லையென்று மருத்துவமனைக்குச் சீட்டுக் கேட்டாள். கணக்கு முடிக்கும் நாளென்று, “பிறகு வா” எனத் துரத்தினேன். வேலைக்குச் சாக்குச் சொல்கிறாள் என்பது என் எண்ணம். நான் நம்ப மறுத்த அந்த இருமலே அவள் உயிரைக் காத்தது. என்னைக் கொலைப் பழியினின்றுங் காத்தது. என் படிப்பு காக்கவில்லை. பெரியவரின் உபதேசமுங் காக்கவில்லை.

நடந்ததைக் கேட்ட பெரியவர் கைகூப்பி, “முனியாண்டிதான் காப்பாற்றினார். ஒரு சுருட்டும் சாராயமும் வைத்துவிடு” என்றார். அவரை நான் மதிப்பவன். ஆயினும், “வேண்டாம் மாமா. முனியாண்டி காப்பாற்றினார் என்று சொன்னால், நாளைக்கும் அவர் காப்பாற்றுவார் என்று போவேன். தவறு என்னுடையது. அதை அவரிடம் ஒப்படைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். சுட்டிருந்தால் விதி என்பது, தப்பினால் சாமி என்பது. இரண்டிலும் மனிதன் பொறுப்பு எங்கே போயிற்று?

அன்று மாலை அவள் வீட்டுக்குச் சென்றேன். கணவன் எதிரிலேயே உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவள், “நானும் சத்தம் போட்டு வந்திருக்கலாம், ஐயா” என்றாள். வைதிருந்தால் தாங்கியிருப்பேன். குண்டுக்கு இலக்காக இருந்தவளே குற்றத்தையும் தன்மேல் ஏற்றிக்கொண்ட அச்சொல்லை இன்றுந் தாங்க முடியவில்லை. தலைமுறை தலைமுறையாய் நம் ஏழை மக்கள் கற்ற பாடம் இது. கையிற் பேனா உடைய என்னைப் போன்றவரே கற்பித்தோம். மறுநாள் முதல் வேலையாகச் சீட்டை எழுதிக் கொடுத்தேன்.

நான்கு திங்கள் துப்பாக்கியைத் தொடவில்லை. அதற்குள் சில ஏற்பாடுகளைச் செய்தோம். சுடும் நாளையும் இடத்தையும் தமிழ், மலாய், வங்காளி ஆகிய மொழிகளில் எழுதிப் பெரட்டுக்களத்தில் ஒட்டுகிறோம். வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் இன்று நம்மோடு வேலை செய்கின்றனர் அல்லவா? காட்டோரம் போவோர்க்கும் எங்களுக்கும் செம்மஞ்சள் நிற மேற்சட்டைகள் வாங்கினோம். தரையிலிருந்து சுடுவதை விட்டோம். பரண்மேல் அமர்ந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு மண்ணிற் புதையும். இவற்றுள் ஒன்றேனும் அருமையான யோசனையன்று. ஒருத்தி இருமும்வரை எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவே.

பின்னர், ஒரு காலையில், பரணிலிருந்து இருபத்தைந்து அடி தொலைவில் ஒரு கடுவன் பன்றியைச் சுட்டேன். ஒரே குண்டில் வீழ்ந்தது. அருகிற் சென்று பார்த்தபோது அதன் பின்னங்காலில் இரும்புக் கம்பி ஒன்று எலும்புவரை அறுத்துப் புதைந்திருந்தது. எவரோ வைத்த கண்ணி. கண்ணி, சட்டம் தடுத்த ஒன்று. அது பன்றி, மான், புலி எனப் பாகுபாடு அறியாது. வைத்தவன் தூங்கிக்கொண்டிருக்க, விலங்கு நாட்கணக்கில் துடிக்கும். வெற்றி என்ற எண்ணம் அக்கம்பியைக் கண்டதும் அகன்றது. அதன் வேதனையை முடித்தேன் என்பதொன்றே மிஞ்சிற்று. இப்பொழுது காட்டுக்குப் போகும்போதெல்லாம் கம்பி வெட்டும் குறடு ஒன்றையும் எடுத்துப் போகிறேன். அது துப்பாக்கியினும் அதிகம் பயன்பட்டு வருகிறது.

இறைச்சியை லயத்தாருக்குப் பங்கிட்டோம், விற்கவில்லை. கம்பத்து வழியே கொண்டு வருகையில் மூடியே கொண்டு வந்தோம். மலாய் அண்டை வீட்டாரின் மனத்தைப் புண்படுத்தி உண்ணும் உணவு செரிக்காது. இன்னுமொன்று: 2021-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதலில் சபாவிலும், ஆண்டிறுதியில் தீபகற்பத்திலும் தென்பட்டது. காட்டில் தானே செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் அதிகாரிகளுக்கு அறிவித்தல் நம் கடன்.

கொல்லாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை மறுத்துப் பேச எனக்குத் துணிவில்லை. ஆயினும் உயிரைக் காக்க வேண்டுமென்று வாயாற் சொல்வோர் எத்தனை பேர், தம் பலகணியில் நின்று இருமும் உயிரைத் திரும்பிப் பார்க்கிறார்கள்? வேட்டை பழக விரும்பும் இளைஞர்காள், முதல் ஆண்டு வெறுங்கையோடு செல்லுங்கள். சட்டத்தைக் கற்று, உரிமம் பெற்று, துணையோடு செல்லுங்கள். முழுதுங் காணாத ஒன்றின்மீது விரலை வைக்காதீர்கள். காட்டுக்கு மட்டுமன்று, அலுவலக மேசைக்கும் அவ்விதி பொருந்தும்.